குழந்தைகளின் தொடர் ஆஸ்துமாவுக்கு மாத்திரையும் சிரப்பும்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

“இன்ஹேலர் வேண்டாம் டாக்டர், மாத்திரையாகவோ சிரப்பாகவோ எழுதிக் கொடுங்கள்.” ஆஸ்துமா உள்ள குழந்தையின் பெற்றோர் பலர் முதலில் கேட்பது இதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, அது திமிறி அழும்போது மருந்தடிப்பதைவிட, அளவு பார்த்து சிரப்பை வாயில் ஊற்றுவது எவ்வளவோ சுலபம். இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாது என்ற பயம் வேறு.

ஆஸ்துமாவுக்கு வாயில் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. மாதக்கணக்கில் தினமும் கொடுக்க வேண்டியது ஒன்று. மூன்று முதல் ஐந்து நாளில் முடித்துவிட வேண்டியது இன்னொன்று. இன்றைக்கு அநேகமாகத் தேவையே படாத பழைய மருந்துகளும் சில உண்டு. கையில் இருப்பது இவற்றில் எது என்று தெரியாமல் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மருந்தைச் சரியாகக் கொடுப்பதும், கவனிப்பதும், கேட்க வேண்டியதைக் கேட்பதும் வீட்டில் இருப்பவர்களின் வேலை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

படி 1: தொடர் ஆஸ்துமாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

சளி பிடிக்கும்போது மட்டும் வீசிங் வந்து, மற்ற நாட்களில் ஓடியாடி விளையாடும் குழந்தை வேறு. தினசரி மருந்து தேவைப்படும் குழந்தை வேறு. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இருமலோ இழுப்போ வருவது, இருமலால் ராத்திரி தூக்கம் கெடுவது, கொஞ்சம் ஓடினாலே நின்று மூச்சு வாங்குவது, உடனடி நிவாரண இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் தேட வேண்டியிருப்பது ஆகியவை தொடர் ஆஸ்துமாவின் அடையாளங்கள். பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்தே அடக்க வேண்டிய அளவுக்கு அடிக்கடி தாக்குதல் வரும் குழந்தையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஐந்து வயதுக்குள் ஆஸ்துமா என்று உறுதியாகச் சொல்வது மருத்துவர்களுக்கே சுலபமல்ல. ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை அந்த வயதுக் குழந்தைகளால் சரியாகச் செய்ய முடியாது. ஆகவே நீங்கள் சொல்லும் விவரம்தான் முக்கியமான சான்று. ஒரு நோட்டில் தேதி போட்டு, எப்போது இருமல் வந்தது, ராத்திரியா பகலா, அன்று காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். இழுப்பு வரும்போது குழந்தையின் நெஞ்சைக் காட்டி அரை நிமிட வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் இழுப்பு அடங்கியிருக்கும்.

படி 2: மாத்திரைக்கு முன்னால் இன்ஹேலரைப் பற்றிப் பேசி முடித்துவிடுங்கள்

தொடர் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் வீங்கிச் சிவந்தே இருக்கிறது. இழுப்பு இல்லாத நாளிலும் அந்த அழற்சி உள்ளே இருக்கும். அதை அடக்குவதில் இன்றுவரை முதலிடம், குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலருக்குத்தான். ‘ஜினா’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல், தினசரிக் கட்டுப்பாட்டு மருந்து தேவைப்படும் குழந்தைகளுக்கு முதலில் சொல்வது அதைத்தான். தினமும் வாயில் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் என்ற மாத்திரையை அதற்கு மாற்றாக, இரண்டாவது இடத்தில் வைக்கிறது. கடுமையான தாக்குதல்களைத் தடுப்பதில் இன்ஹேலர் ஸ்டீராய்டு அளவுக்கு மான்டெலுகாஸ்ட் கைகொடுப்பதில்லை.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் வளர்ச்சி நின்றுவிடும் என்று பயம் வருகிறது. இதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சில ஆண்டுகள் தினமும் எடுத்த குழந்தைகளை, அவர்கள் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அந்தக் குறைவு முதல் ஓரிரு ஆண்டுகளில் வந்தது. அதற்குப் பிறகு கூடிக்கொண்டே போகவில்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவும், அதற்காகத் திரும்பத் திரும்ப வாயில் கொடுக்கும் ஸ்டீராய்டும் குழந்தைக்குச் செய்யும் கெடுதல் இதைவிடப் பெரியது. இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு. வாயில் கொடுக்கும் ஸ்டீராய்டோ மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலருக்குப் பயந்து மருந்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் மாதம் தவறாமல் ஸ்டீராய்டு சிரப்பில் போய் நிற்பதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய நிலை.

அப்படியானால் மான்டெலுகாஸ்ட் யாருக்கு? ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்), மாஸ்க் எல்லாம் வைத்து, செய்முறையைச் சரிபார்த்து, பொறுமையாக முயன்றும் இன்ஹேலரை ஏற்காத குழந்தைக்கு. குறைந்த அளவு இன்ஹேலர் போதாமல், கூடுதலாக ஒரு மருந்து தேவைப்படும் சில குழந்தைகளுக்கு. ஆஸ்துமாவோடு மூக்கு அலர்ஜியும் சேர்ந்து படுத்தும்போதும், ஓடி விளையாடினால் இழுப்பு வரும்போதும் மருத்துவர் இதை யோசிக்கலாம்.

படி 3: மான்டெலுகாஸ்ட் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுப்பது

உடலின் அலர்ஜி செல்கள் லியூகோட்ரைன் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது மூச்சுக்குழாயைச் சுருக்கும், வீங்க வைக்கும், சளியைப் பெருக்கும். மான்டெலுகாஸ்ட், லியூகோட்ரைன் போய் ஒட்டும் இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது. இது ஸ்டீராய்டு அல்ல. ஏற்கெனவே தொடங்கிவிட்ட இழுப்பை இது நிறுத்தாது. குழந்தை மூச்சுத் திணறும்போது கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

இதன் அளவு எடையை வைத்து அல்ல, வயதை வைத்து:

5 வயது வரை: 4 மி.கி. (2 வயதுக்குக் கீழே பொடியாக, அதற்கு மேல் பொடியாகவோ மென்று தின்னும் மாத்திரையாகவோ)
6 முதல் 14 வயது வரை: 5 மி.கி. மென்று தின்னும் மாத்திரை
15 வயதிலிருந்து: 10 மி.கி. மாத்திரை

எல்லா வயதுக்கும் நாளுக்கு ஒரே ஒரு முறைதான். ஆஸ்துமா இரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் படுத்தும் என்பதால் சாயங்காலம் அல்லது இரவு கொடுப்பது வழக்கம். ஒரு வேளை மறந்துவிட்டால், மறுநாள் வழக்கமான நேரத்துக்கு ஒன்று மட்டும் கொடுங்கள். இரண்டாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

பொடியாக வரும் பாக்கெட்டைக் கையாள்வதில் ஒரு முறை இருக்கிறது. குழந்தை சாப்பிடத் தயாராக உட்கார்ந்த பிறகே பாக்கெட்டைக் கிழியுங்கள். பொடியை நேராக நாக்கில் போடலாம்; அல்லது ஆறிய, மசித்த உணவில் ஒரே ஒரு கரண்டி எடுத்து அதில் கலக்கலாம். கிண்ணம் நிறைய உணவில் கலந்துவிட்டால், குழந்தை பாதியில் முகத்தைத் திருப்பும்போது எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கைக்குழந்தை என்றால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., ஆறிய தாய்ப்பாலிலோ பவுடர் பாலிலோ கலந்து கொடுக்கலாம். தண்ணீரிலோ ஜூஸிலோ கரைக்கக் கூடாது. மருந்து உள்ளே போன பிறகு தண்ணீர் குடிக்கலாம். கிழித்த பாக்கெட்டைப் பதினைந்து நிமிடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மீதியை நாளைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது.

பொதுவாகத் தப்பிவிடும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மான்டெலுகாஸ்ட் தனியாகவும் கிடைக்கிறது, லெவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக, ஒரே சிரப்பாகவும் கிடைக்கிறது. ஆஸ்துமாவுக்கு ஒரு மருத்துவர் தனி மான்டெலுகாஸ்ட் எழுதியிருப்பார். மூக்கொழுகலுக்கு இன்னொருவர் கூட்டு சிரப்பை எழுதியிருப்பார். பெயர்கள் வேறு வேறாக இருப்பதால் குழந்தைக்கு ஒரே மருந்து இரண்டு மடங்காகப் போய்க்கொண்டிருக்கும். புது மருந்து எது வந்தாலும் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள்.

மென்று தின்னும் மாத்திரையில் இனிப்புக்காக அஸ்பார்டேம் சேர்த்திருப்பார்கள். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது ஆகாது. வலிப்புக்கான ஃபினோபார்பிடால், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை மான்டெலுகாஸ்ட்டின் அளவை ரத்தத்தில் குறைக்கக்கூடியவை. குழந்தை இவற்றை எடுத்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 4: குழந்தையின் மனநிலையைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2020 மார்ச்சில் மான்டெலுகாஸ்ட்டுக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை, கட்டம் கட்டிப் போடும் எச்சரிக்கையை, சேர்த்தது. காரணம் மனநிலை மாற்றங்கள். கெட்ட கனவு, தூக்கமின்மை, தூக்கத்தில் நடப்பது, எரிச்சல், மூர்க்கம், பதற்றம், மனச்சோர்வு, இல்லாததைக் காண்பது என்று பட்டியல் நீள்கிறது. அரிதாகத் தற்கொலை எண்ணமும் செயலும்கூட. இதற்கு முன் எந்த மனநலப் பிரச்சினையும் இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. லேசான மூக்கு அலர்ஜிக்கு மட்டும் என்றால் வேறு மருந்துகளையே முதலில் பாருங்கள் என்றும் அந்த அமைப்பு சொன்னது.

இந்த மருந்தை எடுக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் உங்கள் குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று முன்கூட்டியே சொல்லப் பரிசோதனை கிடையாது. கவனிப்பதுதான் ஒரே வழி.

கவனிப்பது சுலபம் போலத் தோன்றும். ஆனால் இந்த மாற்றங்கள் நோயின் வேஷத்தில் வருவதில்லை. நான்கு வயதுக் குழந்தை, “எனக்குக் கெட்ட கனவு வருகிறது, இந்த மருந்தால்தான்” என்று சொல்லாது. ராத்திரி அலறி எழும். விளக்கை அணைக்க விடாது. தனியாகப் படுத்த பிள்ளை திடீரென்று அம்மாவை விட்டு நகராது. காலையில் சட்டை மாட்டுவதற்கே ஒரு சண்டை. தம்பியை அடித்தான், பள்ளியில் யாரையோ தள்ளிவிட்டான் என்று புகார் வரும். வீட்டில், “இப்பல்லாம் ரொம்ப அடம் பிடிக்கிறான்” என்று சொல்லிக் கடந்துபோவோம். பெரிய பிள்ளைகளிடம் இது வேறு விதமாகத் தெரியும்: பேச்சு குறையும், நண்பர்களைத் தவிர்ப்பார்கள், அழுகை வரும். பதின்வயதின் இயல்பு என்று நினைத்துக்கொள்வது மிகச் சுலபம்.

அதனால் முதல் மாத்திரைக்கு முன்பே குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறது, ராத்திரி எழுகிறதா, கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்கிறது என்று நான்கைந்து வரி போதும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். தாத்தா பாட்டி, ஆசிரியர் எனக் குழந்தையோடு நேரம் செலவிடும் எல்லோரிடமும் புது மருந்து தொடங்கியிருப்பதைச் சொல்லுங்கள். பெரிய பிள்ளை என்றால் அவரிடமே நேராகச் சொல்லுங்கள்: “இந்த மாத்திரை சிலருக்கு மனசைக் கலக்கும். உனக்கு அப்படி ஏதாவது தோன்றினால் அது உன் தப்பு இல்லை, உடனே எங்களிடம் சொல்லு.”

மாற்றம் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மான்டெலுகாஸ்ட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமாவுக்கு மாற்று ஏற்பாடு உடனே வேண்டும். அதற்காகத்தான் அன்றே பேசச் சொல்கிறேன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சோ செயலோ தெரிந்தால் குழந்தையைத் தனியே விடாமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

படி 5: நான்கு முதல் ஆறு வாரத்தில் கணக்குப் பாருங்கள்

தொடங்கிய மருந்து பல ஆண்டுகள் கேள்வியே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பது நல்லதல்ல. மான்டெலுகாஸ்ட் வேலை செய்யும் குழந்தைக்குப் பலன் சில நாட்களிலிருந்தே தெரிய ஆரம்பிக்கும். நான்கு முதல் ஆறு வாரம் தவறாமல் கொடுத்தும் ராத்திரி இருமலும் நிவாரண இன்ஹேலரின் தேவையும் குறையவில்லை என்றால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். பலன் தராத மருந்தைப் பக்கவிளைவின் அபாயத்தோடு தொடர்வதில் அர்த்தமில்லை. இன்ஹேலரும் எடுக்கும் குழந்தை என்றால், அதை எப்படி இழுக்கிறது என்று மருத்துவரின் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். மருந்து போதவில்லை என்று நினைத்த பல இடங்களில், மருந்து நுரையீரலுக்கே போய்ச் சேராததுதான் காரணமாக இருக்கும்.

படி 6: பிரெட்னிசோலோன் — குறுகிய காலத்துக்கு மட்டும்

தாக்குதல் கடுமையாகி, நிவாரண இன்ஹேலருக்குச் சரியாக அடங்காதபோது வாயில் கொடுக்கும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. பெரும்பாலும் பிரெட்னிசோலோன், சில இடங்களில் ஓரிரு நாளுக்கு டெக்சாமெத்தசோன். பிரெட்னிசோலோனின் வழக்கமான அளவு, நாளுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி.; நாளுக்கு அதிகபட்சம் 2 வயதுக்குள் 20, 2 முதல் 5 வயது வரை 30, 6 முதல் 11 வயது வரை 40 மி.கி. குழந்தைகளுக்குப் பொதுவாக 3 முதல் 5 நாள். இரண்டு வாரத்துக்குக் குறைவான கோர்ஸைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. சொன்ன நாளில் நிறுத்தலாம். பலன் தெரிய சுமார் நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை நிவாரண இன்ஹேலர்தான் குழந்தையைத் தாங்க வேண்டும்.

சிரப்பில் நடக்கும் ஒரு தவறு கண்ணுக்கே தெரியாது. 15 கிலோ குழந்தைக்கு 15 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பிரெட்னிசோலோன் சிரப் 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ளதாகவும் வருகிறது, 5 மி.லி.யில் 15 மி.கி. உள்ளதாகவும் வருகிறது. முதல் பாட்டிலில் 15 மி.லி. ஊற்ற வேண்டும், இரண்டாவதில் 5 மி.லி. போதும். போன முறை நினைவில் இந்த முறையும் அதே மி.லி. ஊற்றினால், மருந்து மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ ஆகிவிடும். ஆகவே மருத்துவரிடம் மி.லி.யை மட்டும் கேட்காதீர்கள், மி.கி.யையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கடையில் பாட்டிலைக் கையில் வாங்கியதும் லேபிளோடு ஒப்பிடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள்.

காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் வயிற்றுக்கும் நல்லது, ராத்திரித் தூக்கமும் கெடாது. கசப்பு அதிகம் என்பதால் சில குழந்தைகள் வாந்தி எடுக்கும். கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் சில நாட்களில் பசி கூடும், எரிச்சல் வரும், தூக்கம் குறையும், நிறுத்தியதும் சரியாகிவிடும்.

ஒவ்வொரு கோர்ஸையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வருடத்தில் இரண்டாவது கோர்ஸ் வந்தாலே தினசரிக் கட்டுப்பாடு போதவில்லை என்று அர்த்தம். திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது உடலின் அட்ரினல் சுரப்பி மந்தமாகலாம். எலும்பும் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலிலிருந்து, சளி பிடித்ததும் நீங்களாகத் தொடங்குவது கூடவே கூடாது. முக்கியமாக ஐந்து வயதுக்குள். வைரஸ் சளியோடு லேசான வீசிங் வரும் சிறு குழந்தைகளுக்கு இந்த மருந்தால் பெரும்பாலும் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்டீராய்டு எடுக்கும் சமயத்தில் அம்மை வந்தவரோடு பழக நேர்ந்தாலோ, தடுப்பூசி போடும் தேதி வந்தாலோ மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

படி 7: பழைய சீட்டில் இருக்கும் மருந்துகளை மறுபரிசீலனை செய்யுங்கள்

சால்பியூட்டமால் சிரப்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. 5 மி.லி.யில் 2 மி.கி. என்பது வழக்கமான செறிவு. இன்ஹேலரின் ஒரு பஃப்பில், அதாவது ஒரு முறை அழுத்தும்போது வருவதில், இருப்பது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு தேக்கரண்டி சிரப்பில் இருபது பஃப் அளவு மருந்து உள்ளே போகிறது. அப்படியும் வேலை செய்ய அரை மணி நேரம் எடுக்கிறது. இன்ஹேலருக்கோ சில நிமிடம். கை நடுக்கமும் படபடப்பும் சிரப்பில்தான் அதிகம். சர்வதேச வழிகாட்டுதல்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தியோஃபிலின்: இதுவும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. ஒரு காலத்தில் எல்லா ஆஸ்துமா சீட்டிலும் இருந்தது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. காய்ச்சல் வந்தாலோ எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தாலோ அதே மாத்திரை ரத்தத்தில் கூடிப்போகும். வாந்தி, தலைவலி, படபடப்பு வரும். அளவு மிகவும் கூடினால் வலிப்பும் வரும். உங்கள் குழந்தை இதில் இருந்தால் ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டுமா, மாற்றலாமா என்று கேளுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கீட்டோடிஃபென் என்ற அலர்ஜி மருந்து சிரப்புக்கும் இன்றைய ஆஸ்துமா சிகிச்சையில் பெரிய இடமில்லை. தினசரி ஸ்டீராய்டு மாத்திரை, வேறு எதற்கும் அடங்காத மிகக் கடுமையான ஆஸ்துமாவுக்கு, நிபுணரின் கையில் மட்டும். அதற்கு முன்பாக ஊசியாகப் போடும் ஒமாலிசுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உண்டு.

படி 8: எந்த மாத்திரைக்கும் காத்திருக்கக் கூடாத நேரம்

விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுப்பது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாதது, கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலமாவது, சோர்ந்து மயங்குவது, நிவாரண இன்ஹேலரின் பலன் மூன்று நான்கு மணி நேரம்கூட நிற்காதது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஸ்பேசர் வழியாக நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று குழந்தை சோர்ந்து கிடந்தால், குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். காற்றே உள்ளே போகாதபோதும் சத்தம் நிற்கும்.

படி 9: குறைப்பதும் நிறுத்துவதும்

மூன்று மாதம் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்தால் மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவர் பார்ப்பார். சளிக் காலத்திலோ, பரீட்சை நேரத்திலோ, பயணத்துக்கு முன்போ இதைத் தொடங்க வேண்டாம். இன்ஹேலரும் மான்டெலுகாஸ்ட்டும் சேர்ந்து ஓடினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறையுங்கள். அப்போதுதான் எது உதவிக்கொண்டிருந்தது என்று தெரியும். மான்டெலுகாஸ்ட் நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக, ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மான்டெலுகாஸ்ட்டை நிறுத்திய பிறகும் சில வாரம் குழந்தையின் தூக்கத்தையும் மனநிலையையும் நோட்டில் எழுதி வாருங்கள். சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னரும் அந்த மாற்றங்கள் தெரிந்திருக்கின்றன.